கால் நட்டுக் கட்டும் பட்டறை



இன்றைய பேச்சு ஒரு கொட்டகையைப் பற்றியது. மாட்டுக் கொட்டகை அல்ல. எட்டுப் பேர் நின்று வேலை செய்யக்கூடிய பெரிய பட்டறைக் கொட்டகை.

ஒடிசா மாநிலத்தில் கஞ்சம் என்று ஒரு மாவட்டம் உண்டு. கடலோர மாவட்டம். அங்கே எட்டுத் தச்சர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் செய்வார்கள். கதவு, ஜன்னல் செய்வார்கள். அவர்களுடைய கடை வாடகைக் கடை. 10 அடிக்கு 12 அடி. ஒரு கதவை இழைக்க வேண்டும் என்றால் மேசையைத் தெருவில் போட வேண்டும். மழை வந்தால் வேலை நின்றுவிடும். நனைந்த பலகை வளைந்துவிடும். வளைந்த பலகைக்குக் கூலி கிடையாது.

எட்டுப் பேரும் சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். சொந்தமாகப் பட்டறை கட்ட முடிவு செய்தார்கள். 30 அடி அகலம், 40 அடி நீளம். மொத்தம் 1,200 சதுர அடி. செங்கல் சுவர் எழுப்பிக் கட்ட அவர்களிடம் பணம் இல்லை. அதனால் கால் நட்டுக் கட்டலாம் என்றார்கள்.

கால் நட்டுக் கட்டுவது என்றால் என்ன? நீளமாக அடித்தளம் தோண்ட வேண்டாம். பாரம் தாங்கும் சுவர் வேண்டாம். குழி தோண்டி மரக்கால்களை நட வேண்டும். அவற்றின் மேல் கூரையைப் போட வேண்டும். பாரம் முழுவதையும் கால்களே தாங்கும். சுவர் வெறும் மறைப்புதான். அதைப் பிறகு மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம். கல்யாணப் பந்தல் போடுகிறவர்களுக்கு இந்த வேலை புதிது அல்ல. பந்தல் மூன்று நாள் நிற்கும். பட்டறை முப்பது ஆண்டு நிற்க வேண்டும். வேறுபாடு அங்கேதான்.

அமெரிக்காவில் 1930களில் விவசாயிகள் இப்படிப் பெரிய கொட்டகைகள் கட்டத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பணமுடை. கையில் காசு இல்லாதவனுக்கு ஏற்ற கட்டடம் என்று அது பரவியது. வைக்கோல் வைக்க, டிராக்டர் நிறுத்த, பட்டறை நடத்த என்று எல்லாவற்றுக்கும் அங்கே இன்றும் அப்படிக் கட்டுகிறார்கள்.

சரி, கஞ்சத்துக்கு வருவோம். பணத்தை எதில் செலவு செய்வது என்று பேச்சு வந்தது. இளைய தச்சர் ஒருவர் சொன்னார்:

"அண்ணா, முன்பக்கம் நல்ல ஷட்டர் போடுவோம். பெரிய போர்டு வைப்போம். அப்போதுதான் ஆள் வரும். குழிக்குள் போடும் சிமெண்டை யார் பார்க்கப் போகிறார்கள்?"

மூத்தவர் கேட்டார்: "தம்பி, நம் பழைய கொட்டகை எப்படி விழுந்தது? ஷட்டர் இல்லாமலா விழுந்தது?"

இளையவர் பதில் சொல்லவில்லை. பழைய கொட்டகை விழுந்தபோது அவரும் இருந்தார். கால்கள் மண் மட்டத்தில் ஒடிந்திருந்தன. தகரம் பக்கத்து வயலில் கிடந்தது.

கால் நட்ட கொட்டகை பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் சாகும். ஒன்று, கால் மண்ணைத் தொடும் இடம். இன்னொன்று, கூரை காற்றைத் தொடும் விளிம்பு. கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு இந்த இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஷட்டர் அடுத்த ஆண்டு வரலாம்.

முதலில் காலைப் பார்ப்போம்.

மரம் ஏன் மக்குகிறது? பூஞ்சணம் அதைத் தின்கிறது. பூஞ்சணம் வளர ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். காலின் மேல் பகுதியில் காற்று இருக்கிறது, ஆனால் ஈரம் காய்ந்துவிடும். நல்ல ஆழத்தில் ஈரம் இருக்கிறது, ஆனால் காற்று குறைவு. மண் மட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. மட்டத்துக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு முழம். அங்கேதான் மரம் முதலில் மக்கும். கரையானும் மண்ணிலிருந்து அந்த வழியாகத்தான் ஏறும். கீழே பிடுங்கிப் பார்த்தால் அடி நன்றாக இருக்கும். மேலே பார்த்தாலும் நன்றாக இருக்கும். நடுவில் ஒரு சாண் மட்டும் மாவாகப் போயிருக்கும்.

நல்ல வைரம் பாய்ந்த சால் மரமோ, முற்றிய பனையோ இருந்தால் பல ஆண்டு தாங்கும். ஆனால் அவை விலை அதிகம். கிடைப்பதும் அரிது. எளிதில் கிடைப்பது சவுக்கு, தைல மரம். இவற்றை அப்படியே மண்ணில் நட்டால் சில ஆண்டுகளுக்குள் மக்கிவிடும்.

காலின் அடியைத் தீயில் கருக்கி நடுவார்கள். பழைய இஞ்சின் எண்ணெயைப் பூசுவார்கள். தார் பூசுவார்கள். இவை எல்லாம் மேல்பூச்சுதான். மரம் காய்ந்து வெடிக்கும்போது பூச்சும் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போகும். மருந்து மரத்தின் உள்ளே ஏற வேண்டும். அப்போதுதான் பலன்.

இங்கே ஒரு இந்தியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1906இல் தொடங்கியது. அங்கே சொண்டி காமேசம் என்ற விஞ்ஞானி வேலை செய்தார். 1933இல் அவர் ஒரு மருந்துக் கலவையைக் கண்டுபிடித்தார். செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் உப்புகள் அதில் இருந்தன. செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும். ஆர்செனிக் கரையானைக் கொல்லும். குரோமியம் இவை இரண்டையும் மரத்தோடு பிணைத்துவிடும். மழை பெய்தாலும் மருந்து எளிதில் கழுவிப் போகாது. அதுவரை பட்ட கஷ்டமே அதுதான். மருந்து போடுவார்கள், மழை அதைக் கொண்டுபோய்விடும்.

1938இல் அமெரிக்காவில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. தந்திக் கம்பம், மின்கம்பம், வேலிக்கால் என்று உலகம் முழுவதும் இந்த மருந்து பரவியது. பிற்காலத்தில் அமெரிக்க விவசாயிகள் நட்ட கொட்டகைக் கால்களில் பெரும்பகுதிக்கு இந்த மருந்துதான். டேராடூனில் பிறந்த சரக்கு என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மருந்து ஏற்றுவது கையால் செய்யும் வேலை அல்ல. காய்ந்த மரத்தைப் பெரிய இரும்பு உருளைக்குள் வைத்து மூடுவார்கள். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு மருந்து நீரை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வைரம் பாய்ந்த பகுதிக்குள் மருந்து ஏறாது. வெளியே இருக்கும் வெள்ளை மரம்தான் மருந்தைக் குடிக்கும். தச்சர்கள் கழித்துப் போடும் வெள்ளை மரம் இங்கே பயன்படுகிறது.

ஆனால் ஆர்செனிக் நஞ்சு. அதை மறக்கக்கூடாது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முடிவோடு, வீடுகளில் பயன்படும் பெரும்பாலான மரத்துக்கு இந்த மருந்தை ஏற்றுவதை நிறுத்திக்கொண்டார்கள். கம்பங்களுக்கும் பண்ணைக் கட்டடக் கால்களுக்கும் அதற்குப் பிறகும் அனுமதி இருந்தது. மருந்து ஏற்றிய கால் வாங்குகிறவர்கள் மூன்று காரியங்களைக் கண்டிப்பாகச் செய்யக்கூடாது. துண்டுகளை அடுப்பில் எரிக்கக்கூடாது. அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு. அதை அறுத்த தூளை மாட்டுக்குக் கீழே பரப்பக்கூடாது. தண்ணீர்த் தொட்டிக்கோ தீவனத் தொட்டிக்கோ அந்தப் பலகையைப் பயன்படுத்தக்கூடாது. சமையல் செய்யும் பெண்களிடம் இதை முதலில் சொல்ல வேண்டும். கழிவுத் துண்டைப் பொறுக்கி அடுப்பில் வைப்பது யாராக இருந்தாலும், புகையைக் குடிப்பவர்கள் அவர்கள்தான்.

மருந்து ஏற்றிய காலின் அடியை அறுக்கவும் கூடாது. அறுத்தால் மருந்து ஏறாத உள்மரம் மண்ணைப் பார்க்கும். உயரம் சரி செய்ய வேண்டுமா? மேல் முனையை அறுக்கலாம். துளை போடும் வேலை எல்லாம் மருந்து ஏற்றுவதற்கு முன்பே முடிய வேண்டும்.

மருந்து ஏற்றிய கால் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? காலை மண்ணில் புதைக்காமல் இருக்கலாம். தரைக்கு மேலே ஒரு முழ உயரம் கான்கிரீட் பீடம் எழுப்ப வேண்டும். அதில் இரண்டு கனமான இரும்புப் பட்டைகளைப் பதிக்க வேண்டும். பட்டைகளுக்கு நடுவே காலை நிறுத்தி, போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மரம் மண்ணைத் தொடாது. ஆனால் ஒன்று. புதைத்த கால் தானாக நிற்கும். பீடத்தின் மேல் நிற்கும் கால் கதவுக் கீல் போல மடங்கும். அதற்கு மூலைக்கு மூலை சாய்வு முட்டு கட்டாயம் வேண்டும். பெங்களூர், கோலார் பக்கம் கருங்கல் கால்களை நட்டுக் கொட்டகை போடுவார்கள். கல்லைக் கரையான் தின்னாது. கல் கிடைக்கும் ஊரில் அதுவும் நல்ல வழி.

எட்டுத் தச்சர்களும் மருந்து ஏற்றிய சவுக்குக் கால்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நீளவாட்டில் 10 அடிக்கு ஒரு கால். ஒரு பக்கத்துக்கு 5 கால், இரண்டு பக்கத்துக்கு 10 கால். முன்னும் பின்னும் இடையில் இரண்டிரண்டு, ஆக 4. மொத்தம் 14 கால்.

அடுத்தது அளவு போடுவது. மூலை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். 3, 4, 5 என்ற கணக்குப் போதும். ஒரு பக்கம் 3, இன்னொரு பக்கம் 4 என்றால், குறுக்கே 5 இருந்தால் மூலை சரி. இவர்களுடைய பட்டறை 30 அடிக்கு 40 அடி. அப்படியானால் மூலைக்கு மூலை 50 அடி இருக்க வேண்டும். இரண்டு குறுக்கும் 50 இருந்தால் வேலை சுத்தம். ஒன்று 50, இன்னொன்று 49 என்றால் முளைக்குச்சியை நகர்த்த வேண்டும். குச்சியை நகர்த்த ஒரு நிமிடம் போதும். கூரை ஏறிய பிறகு தகரம் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றால் நகர்த்த முடியாது. மட்டம் பார்க்கக் கண்ணாடி போன்ற நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்தால் போதும்.

ஒவ்வொரு குழியும் 4 அடி ஆழம். அடியில் ஜல்லி போட்டுக் கான்கிரீட் தட்டு ஒன்று. இல்லாவிட்டால் பாரத்தில் கால் மண்ணுக்குள் இறங்கும். காலை நிறுத்தித் தூக்குக் குண்டு பிடித்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மண்ணை ஒரே தடவையில் தள்ளக்கூடாது. அரை அடி போட்டுத் திமிசால் இடிக்க வேண்டும். மறுபடி அரை அடி, மறுபடி இடி. அலுப்பான வேலைதான். கூலி ஆட்கள் அவசரப்படும் இடமும் இதுதான். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டிய இடமும் இதுதான்.

இனி காற்றைப் பார்ப்போம்.

கூரையைக் காற்று கீழே அமுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. காற்று கூரையை மேலே உறிஞ்சும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஒரு சதுர அடியைச் சுமார் 9 கிலோ அளவுக்கு இழுக்கலாம். தகரத்தின் எடை சதுர அடிக்கு அரை கிலோ. சட்டங்களைச் சேர்த்தாலும் இரண்டு, மூன்று கிலோதான். 1,200 சதுர அடிக்கு 9 கிலோ வீதம் என்ன ஆகும்? 10,800 கிலோ. கிட்டத்தட்ட 11 டன். கூரையைப் பிடித்து நிற்பவை பக்கத்துக் கால்கள் 10. ஒவ்வொரு காலையும் காற்று சுமார் ஒரு டன் அளவுக்கு மேலே பிடுங்கப் பார்க்கும். காற்று வரும் பக்கம் கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். இழுப்பு இன்னும் கூடும்.

144 கிலோமீட்டர் என்பது அதிசயமான வேகம் அல்ல. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் காற்று மணிக்கு 260 கிலோமீட்டர் அளவுக்கு வீசியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் இதே கஞ்சம் மாவட்டத்தில், கோபால்பூர் பக்கத்தில் கரையைக் கடந்தது. 2019 மே 3 அன்று பானி புயல் பூரி பக்கத்தில் வந்தது.

மூத்தவர் இந்தக் கணக்கைத் தரையில் எழுதிக் காட்டினார். இளையவர் மறுபடி ஒரு தடவை பெருக்கிப் பார்த்தார். பிறகு அவரே கேட்டார்: "அப்படியானால் காலைப் பிடுங்காமல் எது பிடித்துக்கொள்ளும், அண்ணா?"

காலின் அடியில் துளை போட்டு இரண்டு இரும்புக் கம்பிகளைக் குறுக்கே செருக வேண்டும். அதைச் சுற்றி இரண்டடி உயரம் கான்கிரீட் போட வேண்டும். கால் மேலே வர வேண்டும் என்றால் கான்கிரீட்டையும் அதன் மேலிருக்கும் மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அது எளிதல்ல.

காலுக்கு மேலே டிரஸ் என்ற முக்கோணச் சட்டம் வரும். 30 அடி அகலத்துக்கு நடுவில் கால் இல்லாமல் தாங்குவது அதுதான். பட்டறையில் நடுக்கால் இருந்தால் நீளப் பலகையைத் திருப்ப முடியாது. டிரஸ்ஸைக் காலின் மேல் வைத்து ஆணி அடித்தால் போதாது. ஆணி பக்கவாட்டு அசைவுக்குப் பிடிக்கும். மேலே இழுத்தால் உருவிக்கொள்ளும். போல்ட்டும் இரும்புப் பட்டையும் வேண்டும்.

டிரஸ்ஸின் மேல் குறுக்குச் சட்டம். அதன் மேல் தகரம். தகரத்தைப் பிடிப்பது கொக்கி போல வளைந்த ஜே போல்ட். இந்தச் சின்னப் போல்ட்டில்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் காற்றின் இழுப்பு மிக அதிகம். அங்கே போல்ட்டை நெருக்கமாகப் போட வேண்டும். போல்ட்டைத் தகரத்தின் மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். பெரிய வாஷர் வேண்டும். சின்ன வாஷரானால் போல்ட் நிற்கும், தகரம் கிழிந்து போகும். தகரத்தின் மேலேயே பெரும்பாலும் கனம் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதோடு அந்த எண்ணையும் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கூரை மிகத் தட்டையாக இருந்தால் இழுப்பு அதிகம். 30 அடி அகலத்துக்கு முகடு 6 அடி முதல் 8 அடி வரை உயர்ந்திருந்தால் நல்லது. ஓரம் ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம். நிழலுக்காக நீட்டிய ஓரத்தைத்தான் காற்று முதலில் பிடித்துத் தூக்கும். நான்கு மூலைகளிலும், கூரைச் சரிவிலும் குறுக்கு முட்டு போட வேண்டும். முட்டு இல்லாத கொட்டகை தீப்பெட்டியின் வெளிக்கூடு போலச் சாயும்.

இவ்வளவு செய்தாலும் பெரும்புயலுக்கு இந்தப் பட்டறை புகலிடம் ஆகாது. இதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வந்தால் ஆட்கள் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போக வேண்டும். உளியையும் ரம்பத்தையும் காப்பாற்ற உள்ளே உட்கார்ந்திருக்கக்கூடாது.

கூரை ஏறியதும் பாதிக் கவலை தீர்ந்தது. மீதி வேலையை மெதுவாகச் செய்யலாம். தரையை வெளி மட்டத்தை விட ஓர் அடி உயர்த்த வேண்டும். மண் நிரப்பி இடித்து, அதன் மேல் ஜல்லி, அதன் மேல் 4 அங்குலக் கான்கிரீட். ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும். காலைச் சுற்றித் தரையைச் சற்று மேடாக்கிச் சரிக்க வேண்டும். தண்ணீர் காலோடு தேங்கக்கூடாது.

சுவர் 3 அடிக்குச் செங்கல். அதற்கு மேல் மூங்கில் தட்டியோ வலையோ போதும். முகட்டில் சூடான காற்று வெளியே போக வழி விட வேண்டும். இல்லாவிட்டால் மே மாதத்தில் தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது. பத்துத் தகரத்துக்கு ஒன்று ஒளி விடும் தகடாகப் போட்டால் பகலில் விளக்கு வேண்டாம். தகரத்துக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். அதை அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தகரம் சூடுதான். ஆனாலும் தகரமே மேல்.

மின்சாரத்துக்கு எர்த் கம்பி கட்டாயம். கசிவு ஏற்பட்டால் தானாக நிறுத்தும் சுவிட்சும் வேண்டும். மரத்தூளை ஒவ்வொரு மாலையும் கூட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். மரத்தூளும் பீடி நெருப்பும் சேர்ந்தால் பட்டறையே போய்விடும்.

எட்டுத் தச்சர்களும் ஷட்டர் போடவில்லை. தாங்களே ஒரு மரக்கதவு செய்தார்கள். தச்சன் பட்டறைக்கு ஷட்டர் எதற்கு? கதவைப் பார்த்தே ஆள் வந்தது.

ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், அவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். இளையவர் ஏணியில் ஏறி ஜே போல்ட் ஒவ்வொன்றையும் முடுக்குகிறார். மூத்தவர் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு காலின் அடியிலும் மண்ணைச் சற்றுத் தள்ளி, உளி முனையால் குத்திப் பார்க்கிறார். உளி நின்றால் கால் நல்ல கால். உளி பஞ்சில் போவது போல உள்ளே போனால் அந்தக் காலை மாற்ற வேண்டும். 14 கால்களின் எண்ணும் தேதியும் ஒரு நோட்டில் இருக்கின்றன. பார்த்த காலுக்கு நேரே ஒரு கோடு போடுகிறார்கள்.